ஏழு வருஷத்துக்கு ஒரு கையெழுத்து

கான்ராட் மிஷோ நல்ல உறக்கக்காரர். உருளைக்கிழங்கு ஆலையில் முப்பது வருஷத்துக்கும் மேலாக ராத்திரி பகல் பார்க்காமல் ஷிப்ட் வேலை செய்தவர். தலையைச் சாய்த்தால் போதும், கட்டைபோலக் கிடப்பார். அப்படிப்பட்ட மனிதர் அந்த அக்டோபரிலிருந்து விடிவதற்கு முன்பே எழுந்து, கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு, வாசலில் நிற்கும் காருக்குள் போய் உட்கார ஆரம்பித்தார். இன்ஜினை ஓடவிட்டு, ரேடியோவை அணைத்துவிட்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்துக் காது கொடுத்துக் கேட்பார். பிறகு இறங்கி வந்து காபி போடுவார்.

அவர் மனைவி லொரெட் இதைச் சமையலறை ஜன்னலிலிருந்து கொஞ்சநாள் பார்த்தாள். ஒருநாள் கேட்டுவிட்டாள்.

"என்னதான் சொல்லுது உன் காரு?"

"ஒண்ணும் சொல்லல."

"அப்புறம் என்ன?"

"சொல்ல மாட்டேங்குதேன்னுதான் கவலையா இருக்கு."

அவள் சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆலையில் அவர் பார்த்தது பராமரிப்பு வேலை. கிழங்கு ஓடும் பட்டைகள், கழுவும் உருளைகள், வெட்டும் கத்திகள் எல்லாம் அவர் பொறுப்பு. ஒரு இயந்திரம் நிற்பதற்கு முன்னால் அதன் சத்தம் மாறும் என்பது அவர் அனுபவம். காரும் அப்படித்தான், கெடுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லும் என்று நம்பினார். அந்த வார்த்தையைத் தவறவிட்டுவிடுவோமோ என்பதுதான் அவர் பயம்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. கோடையில் லொரெட்டுக்குக் குடலில் கட்டி என்று சொல்லி அறுவை சிகிச்சை செய்தார்கள். கட்டியை எடுத்தாயிற்று. ஆனாலும் மிச்சம் மீதி எங்காவது இருந்தால் அதையும் அழிக்க, வசந்தகாலம் வரை மூன்று வாரத்துக்கு ஒருமுறை பாங்கோர் ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து ஏற்றிக்கொள்ள வேண்டும். வடகோடியில் இருந்த அவர்கள் ஊரான சென் லுக்கிலிருந்து பாங்கோருக்குப் போக அரைநாள் ஆகும், திரும்பி வர இன்னொரு அரைநாள். வழியில் ஆஷ்லாண்டுக்கும் பேட்டனுக்கும் நடுவே மரங்களைத் தவிர வேறெதுவும் கிடையாது. கடை கிடையாது, வீடு கிடையாது, போனில் டவர் கிடையாது. மரம் ஏற்றிய லாரிகள் எப்போதாவது பனியைக் கிளப்பிக்கொண்டு போகும்.

அதோடு அந்த மருந்துக்கு ஒரு குணம் இருந்தது. ஏற்றிய பிறகு நாலைந்து நாளைக்குக் குளிர் ஆகாது. சில்லென்ற கதவுப்பிடியைத் தொட்டாலே விரல்களில் ஊசி ஏறும். குளிர்காற்று உள்ளே போனால் தொண்டை இறுகிக்கொள்ளும். முதல் தடவை மருந்து ஏற்றி வந்த அன்று வாசலில் காரைவிட்டு இறங்கியதும் லொரெட் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சு வரவில்லை என்று கையால் காட்டினாள். வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு போய் வெந்நீர் ஆவி பிடிக்க வைத்த பிறகுதான் சரியானது. வாசலில் இறங்கியதற்கே இப்படி என்றால், அந்தக் காட்டு வழியில் கார் நின்றால்?

கார் வாங்கி மூன்று வருஷம் ஆகப்போகிறது. கம்பெனி வாரண்டி மூன்று வருஷம், அல்லது இத்தனை மைல், எது முதலில் வருகிறதோ அதுவரை. வாங்கும்போது மைலைப் பற்றி அவர் யோசிக்கவே இல்லை. மாதா கோயிலுக்கும் கடைக்கும் ஓடும் வண்டிக்கு என்ன மைல். இப்போது ஒவ்வொரு பாங்கோர் பயணமும் ஒரு மாத ஓட்டத்தைத் தின்றது. டேஷ்போர்டில் எண் ஏற ஏற, தன் தலைக்கு மேலிருந்து யாரோ ஓடு ஓடாகக் கூரையைப் பிரித்தெடுப்பதுபோல் அவருக்கு இருந்தது. இது போதாதென்று தபாலில் மஞ்சள் உறை உறையாக வந்தது. 'உங்கள் கார் வாரண்டி முடியப்போகிறது. கடைசி அறிவிப்பு.' போனிலும் ஒரு பெண்குரல் தினமும் அதையே சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு லொரெட்டின் அண்ணன் கில்மன் வந்தார். கோழிக் குழம்பும் தோசைபோலச் சுட்ட சூடான ப்ளாய் அப்பமும். கில்மன் அப்பத்தைச் சுருட்டிக் குழம்பில் தோய்த்துக்கொண்டே மஞ்சள் உறைகளைப் பார்த்தார்.

"இதையெல்லாம் எதுக்கு மச்சான் சேத்து வெச்சிருக்க? அடுப்பு பத்த வைக்கவா?"

"வாரண்டிய நீட்டிக்கலாமான்னு பாக்குறேன்."

"எனக்கும்தான் லெட்டர் வருது. எட்டு வருஷத்துக்கு முன்ன பழைய இரும்புக்குப் போட்டேனே ஒரு நீலக் காரு, அதுக்கு வாரண்டி முடியப் போகுதாம். ரொம்ப அவசரமாம்."

லொரெட் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இது வேற. ஷோரூம்லயே தர்றாங்க" என்றார் கான்ராட்.

"ஷோரூம்காரன் மட்டும் தர்மத்துக்கா கடை வெச்சிருக்கான்? நம்ம ஊர்ல நீட்டிப்பு வாங்கினவன் யாராவது ஒருத்தன் அதால பொழச்சான்னு சொல்லு, பாப்போம். வண்டியில கெட்டுப்போறது எது, வாரண்டியில வர்றது எதுன்னு அவனுக்குத்தான் தெரியும். பயந்தாங்கொள்ளியப் பாத்தா அவனுக்கு மூக்குல வேர்க்கும்."

"அண்ணே, விடு" என்றாள் லொரெட்.

கான்ராட் உறைகளை எடுத்து அலமாரியில் வைத்தார். மச்சான் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் மச்சான் அந்தக் காட்டு வழியில் லொரெட்டைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டியதில்லை.

நவம்பரில் எண்ணெய் மாற்ற ஷோரூமுக்குப் போனவரை, பிராண்டன் என்ற பையன் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்தான். நல்ல பையன்தான். காபி கொடுத்தான், வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டான். பிறகு கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினான்.

"உங்க மைலேஜ் பாத்தேன் சார். இந்த ரெண்டு மாசத்துல ரொம்ப ஓடியிருக்கு. இன்னும் ஒண்ணு ரெண்டு தடவ தூரம் போனீங்கன்னா கம்பெனி வாரண்டி முடிஞ்சுரும். அதுக்கப்புறம் எது போனாலும் உங்க தலையிலதான்."

"இப்ப எதாவது போற மாதிரி இருக்கா?"

"இப்ப ஒண்ணும் இல்ல. ஆனா இந்தக் காலத்து வண்டி சார், எல்லாம் கம்ப்யூட்டரு. சத்தம் போடாமலே நின்னுரும்."

சத்தம் போடாமலே. கான்ராட் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"மூணு வருஷம், அஞ்சு வருஷம், ஏழு வருஷம் இருக்கு. ரோட்டுல நின்னா தூக்கிட்டுப் போற வண்டியும் இதுலயே வந்துரும். இந்தக் காரை இன்னும் எத்தனை வருஷம் வெச்சிருக்கப் போறீங்க?"

யாரிடமும் கேட்கக்கூடிய சாதாரணக் கேள்வி. காரை வாங்கும்போது லொரெட் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, நமக்கு இதுதான் கடைசி கார் என்று விளையாட்டாகச் சொன்னாள். இன்னும் எத்தனை வருஷம்? மூன்று என்று சொல்ல வாயெடுத்தார். விலை அதுதான் குறைவு. ஆனால் மூன்று என்று தன் வாயால் சொன்னால் அது காரைப் பற்றிய பேச்சாக மட்டும் இருக்காது என்று தோன்றியது. டாக்டர்கூட அவர்களிடம் வருஷக் கணக்குச் சொல்லவில்லை.

"ஏழு" என்றார். கையெழுத்தைப் போட்டுவிட்டு எழுந்தார்.

வீட்டில் சொல்லவில்லை. ஒரு வாரம் நிம்மதியாகத் தூங்கினார். மறுவாரம் இடதுபக்க முன்சக்கரத்துக்கு மேலே ஏதோ உரசுவதுபோல் கேட்டது. திரும்பவும் விடியலில் காரில் போய் உட்கார்ந்தார்.

டிசம்பர் நடுவில் மருந்து ஏற்றிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மதியம் தாண்டியிருந்தது. பாங்கோரில் வெறும் மேகமாக இருந்தது பேட்டனுக்கு வரும்போது பனியாகக் கொட்டியது. லொரெட் இரண்டு போர்வைக்குள், வாயையும் மூக்கையும் மஃப்ளரால் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காருக்குள் சூடு முழுவேகத்தில் ஓடியது. பேட்டனைத் தாண்டிக் காட்டுக்குள் நுழைந்து வெகுதூரம் வந்த பிறகு, டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. அது என்னவென்று பார்ப்பதற்குள் இன்னொன்று எரிந்தது. பிறகு கிறிஸ்துமஸ் மரத்து விளக்குகள்போல அத்தனையும் எரிந்தன. இன்ஜின் ஒரு முறை விக்கியது. நின்றுவிட்டது.

சத்தமே இல்லை. வண்டி தன் போக்கில் கொஞ்ச தூரம் வழுக்கிப்போய்ச் சாலையோரப் பனியில் முட்டி நின்றது. சூட்டு விசிறியும் நின்றுபோனது. கான்ராட் சாவியைத் திருப்பினார். திரும்பவும் திருப்பினார்.

"விடு. நின்னுபோச்சு" என்றாள் லொரெட் மஃப்ளருக்குள்ளிருந்து.

"பயப்படாத. வாரண்டி இருக்கு."

"அதான் மைல் தாண்டிருச்சுன்னு போன வாரம் சொன்னியே."

"புதுசா போட்டுட்டேன். ஏழு வருஷத்துக்கு. ரோட்டுல நின்னா அவங்களே வண்டி அனுப்புவாங்க."

லொரெட் அவரையே பார்த்தாள். கண் மட்டும்தான் வெளியே தெரிந்தது.

"எப்ப போட்ட?"

"போன மாசம்."

"சரி. கூப்பிடு."

கான்ராட் போனை எடுத்துப் பார்த்தார். டவர் இல்லை. கூப்பிட வழியில்லை என்பது கையெழுத்துப் போட்ட அன்றே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்தச் சாலையை வாழ்நாள் முழுக்கப் பார்த்தவர். ஆனால் அந்தக் கண்ணாடி அறையில் அது நினைவுக்கு வரவே இல்லை.

காருக்குள் சூடு வெகு சீக்கிரம் இறங்கியது. கண்ணாடிகளில் பனி படிந்து வெளியே எதுவும் தெரியாமல் போனது. லொரெட்டின் மூச்சில் மெல்லிய விசில் சத்தம் சேர்ந்துகொண்டது. கான்ராட் தன் கோட்டுப் பொத்தான்களைக் கழற்றி, அவள் கைகளை உள்ளே இழுத்துத் தன் அக்குளில் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு மூச்சுக்கும் அந்த விசில் கொஞ்சம் உயர்வதுபோல் இருந்தது.

"நான் நடந்து போய் ஆளைக் கூட்டிட்டு வரேன்."

"வேணாம்."

"பேட்டன் பக்கம் ஒரு வீடு பாத்தேன்."

"நீ எறங்கினா நானும் எறங்குவேன். சொல்லிட்டேன்."

அப்போதுதான் அவர் அதைச் சொன்னார். நாற்பத்திரண்டு வருஷம் சேர்ந்து வாழ்ந்தவளிடம் சொல்லாதது.

"எங்கப்பா இப்படித்தான் எறங்கிப் போனாரு. இதே ரோடு. நான் சின்னப் பையன், தம்பி என்னவிடச் சின்னவன். வண்டி நின்னுபோச்சு. கதவத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனாரு. ரொம்ப நேரம் வரல. தம்பி அழுது அழுது தூங்கிட்டான். அவன் செத்துட்டான்னு நெனச்சுக்கிட்டு நான் அவனக் கிள்ளிக்கிட்டே இருந்தேன்."

"அப்புறம்?"

"வந்தாரு. ரெண்டு கால்விரலை எடுக்க வேண்டியதாப் போச்சு. அதுக்கப்புறம் வீட்ல யாரும் அதப் பத்திப் பேசல."

லொரெட் அவர் நெஞ்சோடு தலையை இன்னும் ஒட்டி வைத்துக்கொண்டாள். மூச்சு இப்போது துண்டு துண்டாக வந்தது. கான்ராட் ஜெபம் சொல்ல முயன்றார். பாதியில் வார்த்தைகள் மறந்து, முதல் வரிக்கே திரும்பத் திரும்பப் போனார்.

எவ்வளவு நேரம் என்று அவருக்குத் தெரியாது. தரை அதிர்ந்தது. அவர் கதவை உதைத்துத் திறந்து சாலை நடுவே போய் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். மரம் ஏற்றிய லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே வந்து, அவருக்கு முன்னால் பெருமூச்சு விட்டு நின்றது. ஓட்டியது ஐம்பது வயசுப் பெண். ஜன்னலை இறக்கினாள்.

"சாகணும்னா வேற லாரி பாரு பெருசு. எனக்கு வேலை இருக்கு."

"என் மனைவி. கீமோ ஏத்திட்டு வரோம். குளிர் ஆகாது."

அவள் அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குதித்து இறங்கினாள். லொரெட்டைப் போர்வையோடு சேர்த்து இரண்டு பேரும் தூக்கி லாரிக்குள் ஏற்றினார்கள். உள்ளே அடுப்பங்கரை மாதிரிச் சூடு. கான்ராட் தன் காரைத் திரும்பிப் பார்க்காமல் ஏறினார். ஆஷ்லாண்ட் வரும்போது லொரெட்டின் மூச்சு சீராகிவிட்டது. அந்தப் பெண்ணின் பெயர் ரோக்ஸான். வழி நெடுக அவள் தன் முன்னாள் கணவனைத் திட்டிக்கொண்டே வந்தாள். லொரெட் அதைக் கேட்டுச் சிரிக்கக்கூடச் செய்தாள்.

காரை மறுநாள் இழுத்து வந்தார்கள். மெக்கானிக் மூடியைத் திறந்து, இன்ஜினுக்குப் பின்னால் கையைவிட்டு ஒரு உருண்டையை உருவி எடுத்தான். பஞ்சு, காய்ந்த புல், கடித்துத் துப்பிய வயர்த் தோல். எலி கூடு கட்டி, வயர்க்கட்டையே தின்றிருந்தது. வாரண்டிக்காரர்களைப் போனில் பிடித்தபோது, நெடுநேரம் பாட்டுப் போட்டுவிட்டு ஒரு குரல் மரியாதையாகச் சொன்னது: எலி, அணில் கடித்ததெல்லாம் இதில் வராது. வயரை மாற்றும் செலவு கான்ராடின் தலையில் விழுந்தது.

"ஏழு வருஷத்துல எலிய மட்டும் விட்டுட்டானா?" என்று கில்மன் விழுந்து விழுந்து சிரித்தார். கான்ராடின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

கான்ராட் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. அத்தனை காலையும் கேட்டாரே, அவர் கேட்ட உரசல் எலி இல்லை. எலியை அவர் கேட்கவே இல்லை. அவர் பயந்ததெல்லாம் ஒருபக்கம் இருக்க, வந்தது வேறெங்கிருந்தோ வந்தது. இனி எதற்கென்று காது கொடுப்பது? அடுத்த பயணம் நெருங்க நெருங்கச் சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில் ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"டாக்டர்கிட்டக் கேட்டுப் பாக்கலாமா? பனி போனதும் மிச்சத்த ஏத்திக்கலாமான்னு."

லொரெட் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஒனக்கு பயமா இருக்குன்னு நான் சாகணுமா?"

நோய் வந்ததிலிருந்து அவள் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில்கூடச் சொன்னதில்லை.

"கோட்டப் போடு. எங்கண்ணன் வண்டிய எடு. அந்தப் பையனைப் பாத்துட்டு வரலாம்" என்றாள் அவள்.

கண்ணாடி அறையில் பிராண்டன் எழுந்து நின்று வரவேற்றான். இரண்டு மாதத்துக்குள் வேண்டாமென்றால் பணத்தைத் திருப்பிவிடுவார்கள் என்று ஒப்பந்தத் தாளில் அவள் படித்திருந்தாள். அந்தக் கெடு முடிய இன்னும் கொஞ்சநாள் இருந்தது. அவள் நேராகக் கேட்டாள்.

"தம்பி, ஆஷ்லாண்டுக்கும் பேட்டனுக்கும் நடுவுல கார் நின்னா, இந்த வாரண்டிய வெச்சிருந்தா யார் வருவா?"

"நீங்க இந்த நம்பருக்குக் கூப்பிட்டா…"

"அங்க போன் எடுக்காது. நீயும் இந்த ஊரு பையன்தானே."

பிராண்டன் பேனாவைக் கீழே வைத்தான். "யாரும் வரமாட்டாங்க மேடம்" என்றான்.

"அப்ப வேணாம்."

"ஏழு வேணாம்னா, அஞ்சு… இல்ல, இன்னும் எத்தனை வருஷம் ஓட்டப்போறீங்கன்னு சொன்னீங்கன்னா…"

"தெரியாது தம்பி. தெரிஞ்சதும் சொல்லியனுப்புறேன்."

பிராண்டன் தலையை ஆட்டிவிட்டு ரத்து செய்ய வேண்டியதைச் செய்தான்.

திரும்பி வந்த பணத்தில் லொரெட் ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு விடுதியில் அறை பிடித்தாள். இனிமேல் மருந்து ஏற்றிய அன்றே கிளம்புவதில்லை. தொண்டை தெளிந்து, வானமும் தெளிந்த பிறகுதான் பயணம். பயம் அதனால் ஓடிப்போய்விடவில்லை. அந்த அறையில் கான்ராட் டிவியில் வானிலையை மாற்றி மாற்றிப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். லொரெட் ஆவி பிடித்துக்கொண்டே, "பனி ஒனக்குச் சொல்லிட்டா வரும்?" என்று கேலி செய்வாள். திரும்பும்போது பேட்டனில் நிறுத்தி, வருகிற நேரத்தைக் கில்மனுக்குப் போனில் சொல்லிவிடுவார்கள். அந்த நேரத்துக்கு வராவிட்டால் கில்மன் தன் வண்டியை எடுத்துக்கொண்டு எதிரே வர வேண்டும். அவர் முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். ஒரு தடவை கால்மணி நேரம் தாமதமானதற்கே பாதி வழி வந்து நின்றார்.

மார்ச்சில் மருந்து முடிந்தது. மே மாதம் ஸ்கேன் எடுத்தார்கள். இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை, மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றார் டாக்டர். ஜூலையில் காரின் ஏசி போய்விட்டது. அந்த நீட்டிப்பு இருந்திருந்தால் செலவே இல்லை என்று மெக்கானிக் சொன்னான். கில்மனும் பக்கத்தில் நின்று, "போட்டு வெச்சிருக்கலாம் மச்சான், நான் அப்பவே நெனச்சேன்" என்றார். கான்ராட் பணத்தைக் கட்டிவிட்டு வந்தார்.

ஆகஸ்டில் அடுத்த ஸ்கேனுக்குக் கிளம்பிய காலை, லொரெட் சாவியை எடுத்துக்கொண்டு ஓட்டும் இருக்கையில் போய் உட்கார்ந்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவை. கான்ராட் சுற்றிவந்து மறுபக்கம் ஏறினார். ஆஷ்லாண்ட் தாண்டியதும் போனில் டவர் போயிற்று. லொரெட் வேகத்தைக் கூட்டினாள். அவர் கால் தானாகத் தரையை அழுத்தியது.

"மெதுவா போ."

"பயமா இருக்கா?"

"இருக்கு."

"எனக்கும்தான்" என்றாள் அவள், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "சும்மா இருக்காத. எதாவது பேசிக்கிட்டே வா."